சொரசொரப்பா, வழவழப்பா? எண்டோபிளாச வலை: ஓர் ஒப்பீடு

எண்டோபிளாச வலை என்பது செல்லுக்குள் பரவிக் கிடக்கும் சவ்வு அமைப்பு; அதில் சொரசொரப்பானது, வழவழப்பானது என இரண்டு பகுதிகள். பிளஸ் ஒன் தேர்வுக்கு இரண்டு பத்தி கோடு போட்டு, ‘ரைபோசோம் (புரதம் ஆக்கும் துகள்) உண்டு’, ‘ரைபோசோம் இல்லை’ என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். விஷயம் பிடிபடாது. இரண்டும் ஒரே சவ்வு. உட்கருவின் வெளிச்சவ்வோடு தொடர்ந்து வருவது, உள்ளறையும் பொதுவானது. எந்தச் செல்லில் எது மிகுதி, ஏன் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

செரிமான நொதிகளைச் சுரக்கும் கணையச் செல்லின் மொத்தச் சவ்வில் ஏறத்தாழ 60 சதவீதம் சொரசொரப்பான வலை. வழவழப்பானது 1 சதவீதம்கூட இல்லை. கல்லீரல் செல்லில் முறையே 35, 16.

சொரசொரப்பானது தட்டையான பைகளின் அடுக்கு. புரதத்தை அது ‘தயாரிக்கிறது’ என்பது பாதி உண்மைதான். தயாரிப்பது ரைபோசோம், அதுவும் வேலையைத் தொடங்குவது சைட்டோபிளாசத்தில். புரதத்தின் முனையில் 15 முதல் 30 அமினோ அமிலம் கொண்ட முகவரித் துண்டு வெளியே வந்ததும், ஒரு துகள் அதைப் பிடித்து ரைபோசோமோடு வலைக்குக் கொண்டுவருகிறது. குந்தர் பிளோபலுக்கு 1999-இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த கண்டுபிடிப்பு இது. சவ்வின் துளை வழியே புரதம் இறங்க இறங்க, 14 சர்க்கரை அலகுகள் கொண்ட கிளை ஒட்டப்படும், கந்தக அணுக்களை இணைக்கும் டைசல்பைடு பிணைப்புகள் விழும், மடிப்பு சரிபார்க்கப்படும். கோளாறு வெளிப்படுவதும் இங்கேதான். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற மரபு நோய் உள்ளவர்கள் பலருக்கு ஒரு புரதத்தின் 508-ஆம் இடத்தில் பினைல்அலனின் என்ற அமினோ அமிலம் இருக்காது. அந்த ஒன்று குறைந்ததற்கே மடிப்பு தவறி, பெரும்பகுதி செல்லின் வெளிச்சவ்வை எட்டுமுன் சிதைக்கப்பட்டுவிடுகிறது.

வழவழப்பானது கிளைவிடும் குழாய்கள். ஸ்டீராய்டு ஆக்கம், கால்சியம் சேமிப்பு, மருந்து முறிப்பு அதன் வேலைகள். ஏற்காட்டுக் காபியின் காஃபீனை உடைக்கும் சைட்டோகுரோம் பி450 நொதி கல்லீரலில் இந்தச் சவ்வில்தான் பதிந்திருக்கிறது. வலிப்பு மருந்தான பினோபார்பிட்டால் தொடர்ந்து உள்ளே போனால் இப்பகுதி பெருகும். நிறுத்தினால் சில நாட்களில் பழைய அளவுக்குத் திரும்பும். சேலத்துச் சேகோ ஆலைகளுக்கு வரும் குச்சிக்கிழங்குச் செடியிலோ, அதே நொதிக் குடும்பம் நஞ்சை முறிப்பதில்லை, ஆக்குகிறது: வேலின் என்ற அமினோ அமிலத்திலிருந்து, சயனைடு தரும் லினமாரினுக்கான முதல் படி அதன் வேலை. (ஜவ்வரிசிக்கான மாவுக்கும் இந்த வலைக்கும் குழப்பம் வேண்டாம், மாவு சேர்வது அமைலோபிளாஸ்ட் என்ற வேறு நுண்ணுறுப்பில்.)

இரண்டையும் பிரித்தெடுக்க, அரைத்த கல்லீரல் திசுவை முதலில் 10,000 ஜி (புவியீர்ப்பைப் போல் 10,000 மடங்கு) விசையில் 20 நிமிடம் சுழற்றி மைட்டோகாண்ட்ரியாவை ஒதுக்க வேண்டும். மேல்நீரை 1,00,000 ஜி-யில் ஒரு மணிநேரம் சுழற்றினால் மைக்ரோசோம்கள், அதாவது வலை உடைந்து உண்டான சிறு பைகள், படியும். பிறகு சர்க்கரைக் கரைசல் அடுக்கில் விட்டு மீண்டும் சுழற்றினால், ரைபோசோம் பாரத்தால் சொரசொரப்பானது கீழே இறங்கும், வழவழப்பானது மேலே நிற்கும். முழுவதும் 4 டிகிரியில் நடக்க வேண்டும். சித்திரை வெயிலில் ரோட்டரை (குழாய்களைச் சுழற்றும் பாகத்தை) முந்தின இரவே குளிர்பெட்டியில் வைத்துவிடுவது நல்லது. தாங்கல் கரைசலில் ஈ.டி.டி.ஏ. சேர்த்துவிடாதீர்கள். அது மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ள, ரைபோசோம்கள் கழன்று விழும். சொரசொரப்பானதும் வழவழப்பானதோடு மேலேயே நின்றுவிடும்.