சாகடிக்கும் கேம்கள், சமீபத்தில் பார்த்த படங்கள்

கேம் கடினமாக இருப்பதை நான் குறையாகச் சொல்வதில்லை. செத்த இடத்துக்குத் திரும்பிப் போக எவ்வளவு நேரம் பிடிக்கிறது, போன தடவை கண்ணில் படாத ஏதாவது இந்தத் தடவை படுகிறதா, இந்த இரண்டை வைத்துத்தான் ஒரு கேமைப் பற்றி முடிவுக்கு வருவேன். வருடக்கணக்கில் இந்த வகை கேம்களோடு பழகியதில், படம் பார்க்கும்போதும் இதே கேள்வி வந்து நிற்கிறது. ஒரு செயலோ ஒரு காட்சியோ திரும்ப வந்தால், சும்மா வருகிறதா, புதிதாக எதையாவது கொண்டுவருகிறதா? அதனால்தான் சமீபத்தில் பார்த்த சில படங்களையும் கேம்களோடு சேர்த்தே எழுதுகிறேன்.

நான் அதிகம் திரும்பிப் போகும் கேம் செகிரோ. ஃப்ரம்சாஃப்ட்வேர் உருவாக்கியது, 2019இல் வந்தது. ஈஸி, ஹார்ட் என்று தேர்ந்தெடுக்க எதுவும் கிடையாது. அதே நிறுவனத்தின் டார்க் சோல்ஸ் பழகியவர்கள்கூட இதில் முதலில் திணறுவார்கள். அங்கே உருண்டு விலகலாம், லெவல் ஏற்றிக்கொண்டு வரலாம், துணைக்கு ஆள் கூப்பிடலாம். இங்கே வாள் வரும் நொடியில் சரியாகத் தடுத்தாக வேண்டும். எதிரியின் உயிரைவிட அவன் எவ்வளவு நிலைகுலைந்திருக்கிறான் என்பதைக் காட்டும் பட்டைதான் முக்கியம். அது நிரம்பிவிட்டால் உயிர் மிச்சம் இருந்தாலும் அந்தக் கட்டம் முடிந்தது. நாம் பின்வாங்கினால் பட்டை இறங்கிவிடும். பயந்து ஓடுகிறவருக்குச் சண்டை நீண்டுகொண்டே போகும், நெருங்கி நிற்பவருக்குச் சீக்கிரம் முடியும்.

கோட்டை உச்சியில் வரும் கெனிசிரோ என்ற பெரிய எதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் உயரக் குதித்து வெட்டிவிட்டு இறங்கியதும் சிவப்பில் ஓர் அபாய எழுத்து மின்னும். அடுத்து வருவது நேராகக் குத்துவதாகவும் இருக்கலாம், காலை வாரும் வீச்சாகவும் இருக்கலாம். எழுத்து இரண்டுக்கும் ஒன்றுதான். குத்து என்றால் முன்னால் பாய்ந்து அவன் வாளை மிதிக்க வேண்டும், வீச்சு என்றால் குதிக்க வேண்டும். மாற்றிச் செய்தால் கதை முடிந்தது. ஆரம்பத்தில் எல்லோரும் அந்தச் சிவப்பு எழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். கொஞ்ச நாள் போனதும் கண் தானாக அவன் தோளுக்கும் வாள் முனைக்கும் போய்விடும். குத்தப் போகும்போது முனை நம் பக்கம் திரும்புகிறது, வாரப் போகும்போது உடம்பு தாழ்கிறது. அவன் வேகம் அதேதான், நம் கண் போகும் இடம்தான் மாறியிருக்கிறது. கடைசிக் கட்டத்தில் மின்னல் வேறு எறிவான். அதை அந்தரத்தில் வாங்கி, கால் தரையைத் தொடுவதற்குள் திருப்பி வீசினால் அவனையே தாக்கும். முதல் தடவை அது கைகூடியபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை வேறு எந்த கேமும் தரவில்லை.

இந்தக் கண்ணோடு போய் குரோசவாவின் செவன் சாமுராய் (1954) படத்தை மறுபடி பார்த்தேன். சாமுராய்களில் ஒருவரான கியூசோ அறிமுகமாகும் காட்சியில் முதலில் கழிகளை வைத்து மோதுகிறார்கள். எதிராளி சமம் என்கிறான். நிஜ வாளாக இருந்திருந்தால் நீ செத்திருப்பாய் என்கிறார் கியூசோ. அவனுக்குப் பொறுக்கவில்லை, நிஜ வாளை எடுக்கச் சொல்லி வம்பு செய்கிறான். மறுபடி அதே மோதல், இந்தத் தடவை ஒரே வெட்டு. அவன் சரிவதை ஸ்லோ மோஷனில் காட்டுகிறார் குரோசவா. எதிராளி கூச்சலும் துடிப்புமாக இருக்கிறான், கியூசோ அசங்காமல் நின்று அவன் வருவதற்காகக் காத்திருக்கிறார். முதல் மோதலிலேயே முடிவு தெரிந்துவிட்டது. பார்க்கத் தெரிந்தவர் ஒருவர், தெரியாதவர் ஒருவர், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரே காட்சியை இரண்டு தடவை நடத்திக் காட்டி அதைச் சொல்லும் இந்த இடத்துக்காகவே படத்தை இன்னொரு முறை பார்ப்பேன்.

படம் 207 நிமிடம் ஓடுகிறது. நீளம் கனக்காததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கொள்ளைக்காரர்களை வட்டங்களாக வரைந்து வைத்து, ஆள் விழ விழ அடித்துக்கொண்டே வருவார்கள். எத்தனை பேர் மிச்சம், எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பது நமக்கும் தெரியும். இப்போது வரும் பல ஆக்ஷன் படங்களில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதே புரிவதற்குள் ஷாட் மாறிவிடுகிறது. அந்த மாதிரிச் சண்டைகளில் எனக்கு இப்போதெல்லாம் கவனமே நிற்பதில்லை.

செலஸ்ட் (2018) வேறு ஜாதி. மலை ஏறும் ஒரு பெண்ணின் கதை. குதிப்பது, பாய்வது, சுவரைப் பிடிப்பது, இவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். பெரும்பாலும் ஒரு திரை ஒரு சவால். செத்தால் கண் சிமிட்டும் நேரத்தில் அந்தத் திரையின் தொடக்கத்தில் நிற்பீர்கள். 'மறுபடியும் முதலிலிருந்தா' என்று அலுத்துக்கொள்ளக்கூட நேரம் கிடைக்காது. வெளியே தெரியாத கருணையும் இதில் நிறைய உண்டு. விளிம்பைத் தாண்டி நொடியின் ஒரு சிறு பங்கு கடந்த பிறகு பட்டனை அழுத்தினாலும் குதிக்க விடும். முள்ளைத் தொட்டதுபோலத் தெரிந்தாலும் மயிரிழையில் தப்பியிருப்போம். அதற்கும் மேல் வேண்டுமென்றால் அசிஸ்ட் மோட் இருக்கிறது. கேமின் வேகத்தைப் பாதி வரை குறைக்கலாம், சாகாமலே ஆடலாம். இந்த மோடைக் கேவலமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடே கிடையாது. விரல் ஒத்துழைக்காத ஒருவர் அந்த மலை உச்சியைப் பார்ப்பதால் மற்றவர்கள் ஏறியது குறைந்துபோகாது. ஹேடிஸ் (2020) கேமின் காட் மோட் இன்னும் நாசூக்கானது. நம் மேல் விழும் அடி முதலில் 20 சதவீதம் குறையும், ஒவ்வொரு சாவுக்கும் இன்னும் 2 சதவீதம், அதிகபட்சம் 80 வரை. ஆடுபவர் எங்கே நிற்கிறாரோ அங்கே கேமே இறங்கி வந்துவிடுகிறது.

இப்போது மனத்தாங்கல். ஹாலோ நைட் (2017) எனக்கு உயிர். அதனால் 2025 செப்டம்பரில் அதன் அடுத்த பாகமான சில்க்சாங் வந்ததும் வேறு எதையும் தொடவில்லை. அதில் நாம் ஆடும் ஹார்னெட்டின் அசைவு அற்புதம், சாய்வாகப் பாய்ந்து எதிரி மேல் எகிறி எகிறிப் போகும் சுகம் பழகப் பழகக் கூடுகிறது. ஆனால் சில பாஸ்களிடம், அதாவது பெரிய எதிரிகளிடம், செத்தால் கடைசியாக உட்கார்ந்த பெஞ்சிலிருந்து அந்தக் கதவு வரை மறுபடி ஓட வேண்டும். லாஸ்ட் ஜட்ஜ் என்ற பாஸுக்குப் போகும் பாதை அப்படித்தான். குழிகள், பறக்கும் எதிரிகள், தவறினால் பாதி உயிரோடு போய் நிற்க வேண்டும். முதல் சில தடவை அந்த ஓட்டமும் ஒரு பாடம்தான், ஒத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு கற்க எதுவும் இல்லை. பாஸைப் பற்றி மனதில் வைத்திருந்த யோசனையும் ஓடும்போதே கலைந்துவிடுகிறது. எல்டன் ரிங் (2022) இதைத் தீர்த்துவிட்டது. பல பாஸ்களின் வாசலிலேயே மரிகா சிலை இருக்கும், செத்தால் அங்கிருந்தே எழலாம். எல்டன் ரிங்கிலும் எனக்குப் பிடிக்காதது உண்டு. மலேனியா என்ற பாஸின் அடி நம் மேல் பட்டால் அவள் உயிர் ஏறும், கேடயத்தில் தடுத்தாலும் ஏறும். அவளுடைய சுழல் வெட்டை கிட்டே நின்று கண்ணால் படித்துத் தப்பிக்க முடியும் என்று நான் நம்பவில்லை. தெரிந்து வைத்திருந்தால்தான் உண்டு. கெனிசிரோவிடம் தோற்றால் ஏன் தோற்றேன் என்று தெரியும், மலேனியாவிடம் அது தெரிவதற்கே வெகுநாள் ஆகிறது.

இந்த ஓடிப்போகும் எரிச்சல் மனதில் இருந்த நேரத்தில்தான் எட்ஜ் ஆஃப் டுமாரோ (2014) பார்த்தேன். டாம் குரூஸ் செத்துச் செத்து அதே நாளில் கண் விழிக்கும் படம். மூலக்கதை ஹிரோஷி சகுரசகாவின் நாவல். சாவைத் திரும்பத் திரும்பக் காட்டும் படம் எப்படி அலுக்காமல் ஓடுகிறது என்று பார்த்தால், எல்லாம் எடிட்டிங். நமக்குத் தெரிந்த தூரத்தைப் படம் தாண்டிவிடுகிறது, தெரியாத அடியிலிருந்து தொடங்குகிறது. பண்ணை வீட்டுக் காட்சி ஒன்று. கூடவே போராடும் ரீட்டாவுக்கு அவன் காபி போட்டுக் கொடுக்கிறான், எத்தனை சர்க்கரை என்று அவளைக் கேட்கவில்லை. அவள் முகம் மாறுகிறது. இந்த வீட்டுக்கு அவன் ஏற்கனவே பலமுறை வந்திருக்கிறான் என்று அவளுக்கும் நமக்கும் ஒன்றாகப் புரிகிறது. காட்டாமல் விட்ட அத்தனை நாட்களும் அந்தக் கோப்பையில் வந்து இறங்குகின்றன. எனக்கு அந்தப் படத்தில் வேற்றுக்கிரகச் சண்டைகளைவிட இந்த ஒரு நிமிடம்தான் பெரியது.

இடையில் டிவி பற்றி ஒரு வார்த்தை. செகிரோ மாதிரி கேமுக்கு கேம் மோட் போட்டே ஆக வேண்டும். டிவி படத்தை மெருகேற்ற எடுத்துக்கொள்ளும் நேரத்தில் நம் பட்டன் தாமதமாகத்தான் திரையில் தெரியும், தடுக்கும் நொடி போய்விடும். படம் பார்க்கும்போது மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிடுங்கள். நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த படத்துக்கு நடுவே டிவி தானாக ஃபிரேம்களைச் செருகினால் எல்லாம் சீரியல் மாதிரி வழவழவென்று ஆகிவிடும். 2018இல் டாம் குரூஸே வீடியோ போட்டு இதை அணைக்கச் சொன்னார். கன்ட்ரோலர் விஷயத்தில், ஸ்டிக் தானாக ஒரு பக்கம் நகர ஆரம்பித்தால் சமாளித்துக்கொண்டு ஆடாதீர்கள். செலஸ்ட் மாதிரி கேமில் தப்பு யாருடையது என்றே தெரியாமல் போய்விடும்.

வேகமில்லாத படங்களில் இரண்டு. ஹமாகுச்சியின் டிரைவ் மை கார் (2021) 179 நிமிடம். டைட்டில் கார்டே சுமார் 40 நிமிடம் கழித்துத்தான் வரும். நாடக ஒத்திகையில் நடிகர்களை உணர்ச்சியே இல்லாமல் வசனத்தைப் படிக்கச் சொல்கிறார் நாடகத்தின் இயக்குநர், திரும்பத் திரும்ப. அலுப்பாக இருக்கும் என்று நினைத்தால், பின்னால் பூங்காவில் இரண்டு நடிகைகள் அதே நாடகத்தை நடிக்கும்போது ஒவ்வொரு அசைவும் கனக்கிறது. விம் வெண்டர்ஸின் பெர்ஃபெக்ட் டேஸ் (2023) அதைவிட எளிமை. கழிப்பறை சுத்தம் செய்யும் ஹிரயாமா தினமும் அதே நேரத்தில் எழுகிறார், அதே வேலைக்குப் போகிறார். ஒரு நாள் கழிப்பறைச் சந்தில் யாரோ செருகி வைத்த காகிதத்தில் X, O போடும் மூன்று கட்ட ஆட்டம் தொடங்கியிருக்கிறது. அவர் ஒரு குறி போட்டு அங்கேயே வைக்கிறார். அடுத்த நாள் பதில் குறி. முகம் தெரியாத அந்த எதிராளியைப் படம் கடைசி வரை காட்டுவதில்லை. கோஜி யகுஷோவுக்கு இந்த வேடத்துக்காகக் கான் விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. முற்றிலும் தகும்.

புதிதாகக் கடின கேம்களுக்கு வருகிறவர்கள் செலஸ்டில் தொடங்கலாம், பிறகு ஹாலோ நைட். செகிரோவை மூன்றாவதாக வையுங்கள், அதிலும் கெனிசிரோ வரை போன பிறகு பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் விட்டுவிடலாம். மீதி கேமும் அதே மாதிரிதான் இருக்கும். இடைவெளி விட்டுத் திரும்பும்போதும் இவை ஒன்றுபோல இல்லை. செலஸ்டின் கடைசி அத்தியாயங்களை நான் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது, செகிரோவின் தாளம் சில சண்டைகளிலேயே விரலுக்குத் திரும்பிவிடுகிறது.