பக்க முகவரியில் பின்னொட்டு: .எச்டிஎம்எல், .பிஎச்பி, அல்லது எதுவுமே இல்லாமல்?

தளத்தைப் புதுப்பிக்கும்போது பக்க முகவரிகள் எப்படி முடிய வேண்டும் என்ற கேள்வி வந்தது. பின்னொட்டே இல்லாத முகவரிகளைத் தேர்ந்தெடுத்தேன். இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும்.

.எச்டிஎம்எல் கோப்பை வழங்கி (கேட்பவருக்குப் பக்கங்களை அனுப்பும் கணினி) உள்ளபடியே அனுப்பும். .பிஎச்பி என்றால் அதில் பிஎச்பி மொழியில் எழுதிய நிரலை இயக்கி, கிடைக்கும் விடையை அனுப்பும். உலாவிக்கு இரண்டும் ஒன்றுதான். பதிலோடு வரும் உள்ளடக்க வகைக் குறிப்பைத்தான் அது நம்புகிறது, பின்னொட்டை அல்ல. அப்பாச்சி என்ற வழங்கி மென்பொருளின் அமைப்பில் .எச்டிஎம்எல் கோப்புகளையும் பிஎச்பி வழியாக இயக்கச் சொல்லலாம். ஆனால் நிரலே இல்லாத பக்கங்களும் வீணாக அந்த வழியே சுற்றிவரும்.

ஆகப் பின்னொட்டு என்பது வழங்கியின் உள்விவகாரம். அதை முகவரியில் எழுதி ஊருக்கெல்லாம் கொடுப்பதில்தான் வம்பு. பிஎச்பி 3 வெளிவந்த 1998 காலத்தில் பலர் கோப்புகளுக்கு .பிஎச்பி3 என்று பெயர் வைத்தார்கள். 2000-இல் நான்காம் பதிப்பு வந்தது; .பிஎச்பி வழக்கமானது. மைக்ரோசாஃப்ட் பக்கம், இதே வேலைக்கான .ஏஎஸ்பி இருந்த இடத்துக்கு 2002-இல் .ஏஎஸ்பிஎக்ஸ் வந்தது. கட்டுரையில் ஓர் எழுத்தும் மாறாமலே முகவரி மாறினால், பிறர் கொடுத்த இணைப்புகளும் வாசகர்கள் குறித்துவைத்தவையும் அறுந்துபோகும். பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்பும் 301 திசைதிருப்பல் போடலாம்தான். ஆனால் அந்தப் பட்டியலைத் தளம் உள்ளவரை காக்க வேண்டும், வழங்கி மாறும்போதெல்லாம் சுமந்து செல்ல வேண்டும். அடுத்த மாற்றத்தில் திருப்பலுக்கு மேல் திருப்பல் சேரும். பின்னொட்டில்லாத முகவரியில் உள்ளே எதை மாற்றினாலும் வெளியே தெரியாது. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ 1998-லேயே இதைத்தான் சொன்னார்.

அமைப்பது கடினமல்ல. அப்பாச்சியில் முகவரி மாற்றி எழுதும் விதி, எஞ்சின்எக்ஸ் என்ற மற்றொரு வழங்கி மென்பொருளில் கோப்பைத் தேடிப்பார்க்கும் ஒரு வரி, அவ்வளவே. ஒரே பக்கம் இரண்டு முகவரிகளில் திறக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பழையதிலிருந்து புதியதற்கு 301 போட்டுவிடுங்கள். ஏஎஸ்பி வகைத் தளங்களைப் பிறர் அமைத்த நிலையில் பராமரித்ததோடு சரி. அங்கே என் அனுபவம் மெலிந்தது.

பின்னொட்டை மறைத்தால் பாதுகாப்பு கூடும் என்று சிலர் சொல்வதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உள்ளே இருப்பது .பிஎச்பி கோப்பாக இருந்து, அதை இயக்கும் அமைப்பு விடுபட்டால், நிரல் வெறும் உரையாக வெளியே போகும். அதில் தரவுத்தளக் கடவுச்சொல் இருந்தால் அதுவும் சேர்ந்தே போகும். கடவுச்சொல் கோப்பைப் பொதுக் கோப்புறைக்கு வெளியே வைப்பதுதான் இதற்கு மருந்து.

பக்கங்களை வழங்கியின்றி வன்தட்டிலிருந்து நேரடியாகத் திறப்பதென்றால் .எச்டிஎம்எல்தான் சரி, வகையைச் சொல்ல அங்கே வேறு யாரும் இல்லை. பிடிஎஃப் கோப்புகளுக்கும் பின்னொட்டை விட்டுவைத்திருக்கிறேன். சொடுக்கினால் என்ன திறக்கும் என்று வாசகருக்கு முன்பே தெரிய வேண்டுமல்லவா?