சந்தியாகப்பர் ஊரில் வாங்கிய கருஞ்சிப்பி

நம் கடற்கரை ஊர்களில் சந்தியாகப்பர் என்று வணங்கப்படும் புனித யாக்கோபின் கல்லறை இருப்பதாக நம்பப்படும் இடம், ஸ்பெயினின் வடமேற்கிலுள்ள சாந்தியாகோ தே கொம்போஸ்தேலா. அங்குள்ள பேராலயத்தின் வடக்கு முகப்புக்கு அசபாச்செரியா என்று பெயர். அசபாச்சே எனப்படும் கரும்பொருளைச் செதுக்கித் திருப்பயணிகளுக்கு விற்றவர்களின் பட்டறைகள் அங்கே இருந்ததால் அந்தப் பெயர் வந்தது. பிரான்சிலிருந்து நடந்து வந்தவர்கள் அந்தப் பக்கமாகத்தான் ஆலயத்துக்குள் நுழைந்தார்கள் என்பதால், கடை போட அதைவிட நல்ல இடம் இருந்திருக்காது. இந்தத் திருப்பயணத்தின் அடையாளமான சிப்பியை முகப்பின் எதிரே விற்றதை, பயணிகளுக்கான வழிகாட்டியும் அடங்கிய 12ஆம் நூற்றாண்டின் கொதெக்ஸ் கலிக்ஸ்தீனுஸ் நூலே குறிப்பிடுகிறது. அந்த முகப்பருகே உள்ள தெருவில் ஒரு சிறிய கடையில் நான் வாங்கிய, 4 செ.மீ. அகலமுள்ள சிப்பி வடிவப் பதக்கத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

ஆங்கிலேயர் ஜெட் என்று அழைக்கும் இந்தப் பொருள் கல் அன்று. ஜுராசிக் காலத்தில் மண்ணுள் புதைந்து இறுகிய மரம். வட ஸ்பெயினிலுள்ள அஸ்தூரியாசின் வில்யாவிசியோசா பகுதியில் கிடைப்பதற்கே செதுக்குவோரிடம் மதிப்பு அதிகம். உள்ளங்கையில் வைத்தால் எடையே தெரிவதில்லை, குளிர்வதும் இல்லை. என் பதக்கத்தில் வரிகளின் முகடுகளை மட்டும் பளபளப்பாக்கி, பள்ளங்களை மங்கலாகவே விட்டிருக்கிறார்கள். மூன்றாம் வரியின் அடியில் உளி சற்றே வழுக்கிய தடம் இருக்கிறது. கைவேலை என்பதற்கு அதுவே போதும் என்பதால் எனக்கு அது குறையாகப் படவில்லை. துளையை விளிம்பையொட்டிப் போட்டிருப்பதுதான் குறை. எளிதில் உடையும் பொருளில் இது கவனக்குறைவு.

கண்ணேறு படாமலிருக்க அணியும் ஃபிகா, அதாவது ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே கட்டைவிரலை நுழைத்த கைமுட்டி, ஒன்றை வேறொரு கடையில் அவசரமாக வாங்கினேன். விடுதிக்குத் திரும்பி, பீங்கான் கோப்பையின் மெருகில்லாத அடிப்பகுதியில் இரண்டையும் உரசினேன். சிப்பி, அசல் அசபாச்சேக்கு உரிய பழுப்புக் கோடு விட்டது. ஃபிகா எதையும் விடவில்லை. அது கறுப்புக் கண்ணாடி. எடுத்தவுடனே சில்லென்று கனத்ததை நான் கவனித்திருக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் நகரின் திருப்பயண அருங்காட்சியகத்துக்குப் போய்விடுங்கள். தொப்பியும் கோலுமாக நிற்கும் யாக்கோபின் காலடியில் விரலளவுப் பயணிகள் முழந்தாளிட்டிருக்கும் பழைய அசபாச்சே உருவங்களை அங்கே பார்த்தவர்களுக்கு, கடைகளில் அடுக்கியிருக்கும் பெரும்பாலான பொம்மைகள் பிடிக்காமல் போகும். சிப்பிக்குக் கொடுத்த 70 யூரோவில் எனக்கு வருத்தமில்லை. துளை தாங்காது என்று தோன்றியதால், கடையில் மாட்டித் தந்த வெள்ளி வளையத்தைக் கழற்றிவிட்டுப் பட்டு நூலில் கோத்திருக்கிறேன்.