ஹைலக்ஸுக்கு வீட்டிலேயே 2 அங்குல லிஃப்ட்: மாட்டிய பிறகு ஓட்டித் தெரிந்துகொண்டவை

வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் வாங்கப் போகும் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை அங்குலம்?" என்றுதான். இரண்டு வருஷத்துக்கு மேல் ஓட்டிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அதைவிட முக்கியமான கேள்வி வேறு: வண்டியின் பின்னால் வழக்கமாக எவ்வளவு கனம் ஏற்றுவீர்கள்? அதற்குச் சரியான பதில் தெரிந்தால் எந்த ஸ்பிரிங் வேண்டும் என்பது தெரிந்துவிடும். உயரம் அதோடு சேர்ந்தே வரும்.

என்னுடையது டொயோட்டாவின் வீகோ ஹைலக்ஸ் பிக்கப், 2.5 டீசல், நான்கு கதவு. 2004-ல் வந்து, 2015-ல் அடுத்த மாடல் வரும்வரை ஓடிய தலைமுறை அது. வீடு மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில், ஜாலோங் பக்கம் கொஞ்சம் செம்பனை நிலம். பழம் வெட்டும் நாளில் குலைகளை ஏற்றிக்கொண்டு, பழம் வாங்கும் ரேம்ப்புக்குப் போகும். விடுமுறையில் லாசாவைத் தாண்டி, ஓராங் அஸ்லி பழங்குடி மக்களின் கிராமங்களுக்குப் போகும் மண் பாதையில் ஏறும். முற்றிய மரத்துக் குலை ஒன்று 15 முதல் 25 கிலோ வரை இருக்கும். இருபத்தைந்து குலை போட்டாலே அரை டன் ஆகிவிடுகிறது. பழைய லீஃப் ஸ்பிரிங் அந்தக் கனத்தில் அப்படியே படுத்து, குழியில் விழும்போதெல்லாம் ஏக்சல் ரப்பர் கட்டையில் போய் முட்டும். நான் லிஃப்ட் போட்டதற்குக் காரணம் அதுதான். பார்க்க எடுப்பாக இருக்கும் என்பதற்காகப் போடவில்லை.

ஓல்ட் மேன் ஈமு, அயர்ன்மேன், டஃப் டாக் போன்ற ஆஸ்திரேலிய பிராண்டுகளைப் பார்த்தால் ஒரே உயரத்துக்கே இரண்டு மூன்று கனத்தில் பின் ஸ்பிரிங் இருக்கும். வெறும் வண்டிக்கு ஒன்று, எப்போதும் 300 கிலோ போல ஏற்றுபவருக்கு ஒன்று, அதற்கும் மேல் ஏற்றுபவருக்கு இன்னொன்று. கனமானதை வாங்கி வெறும் வண்டியாக ஓட்டினால் முதுகு உடைந்துவிடும். மெலிதானதை வாங்கிக் குலை ஏற்றினால் கொஞ்ச நாளில் பழையபடி படுத்துவிடும். நான் நடுத்தர கனத்தை எடுத்தேன். வாரத்தில் பாதி நாள் வண்டி காலியாகத்தான் ஓடுகிறது என்பதால் அது எனக்குச் சரியாக அமைந்தது.

இன்னொன்றையும் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்பிரிங்கை மாற்றினால் சாசியும் பாடியும்தான் மேலே போகும். பின்னால் இருக்கும் ஏக்சல், அதன் நடுவில் தொங்கும் டிஃப் உருண்டை (இரு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி) இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். அதைத் தரையிலிருந்து உயர்த்துவது டயர் மட்டும்தான். என் வண்டியில் இருந்த 255/70, 15 அங்குல டயரின் மொத்த உயரம் சுமார் 738 மில்லிமீட்டர். இப்போது போட்டிருக்கும் 31 அங்குல டயர் கணக்குப்படி 787. அதில் பாதி, அதாவது 25 மில்லிமீட்டர் அளவுதான் டிஃப்புக்குக் கிடைத்த லாபம். மரம் ஏற்றும் பாலாக் லோரி தடம் பதித்த பாதையில் நடுமேட்டில் டிஃப் உரசுவது குறைந்தது இந்த 25 மில்லிமீட்டரால்தான். லிஃப்ட் செய்த உதவி, இந்த டயருக்கு இடம் விட்டது.

சரி, வேலைக்கு வருவோம். கார் நிறுத்தும் சிமெண்டுத் தரை, ட்ராலி ஜேக், நல்ல கனமான ஜேக் ஸ்டேண்டு நான்கு, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச், உதவிக்கு அக்காள் மகன். தோட்டப் பாதையில் ஓடிய வண்டிக்கு அடியில் செம்மண் ஏறி இறுகிக் கிடக்கும். அதனால் சில நாள் முன்பே அடிப்பக்கத்தைக் கழுவிக் காயவிட்டு, கழற்ற வேண்டிய நட்டு எல்லாவற்றுக்கும் டபிள்யூடி-40 அடித்துக்கொண்டே வந்தேன். அப்படியிருந்தும் முன் அப்சோர்பரின் (அதிர்வைத் தாங்கும் குழாயின்) கீழ் போல்ட் ஒன்று, புஷ் என்னும் இணைப்பு ரப்பருக்குள் இருக்கும் இரும்புக் குழாயோடு துருவில் ஒட்டிக்கொண்டு, தலை சுற்றியதே தவிர வெளியே வரவில்லை. நட்டைப் பாதி மாட்டி வைத்து, மரையைக் காப்பாற்றிக்கொண்டு சுத்தியலால் தட்டித் தட்டித்தான் எடுத்தோம். அந்த ஒரு போல்ட்டுக்கே காலைப் பொழுது போனது.

முன்பக்கத்தில் ஒரு வேலையை மட்டும் நான் வீட்டில் செய்யவில்லை, நீங்களும் செய்யாதீர்கள். முன் அப்சோர்பரைச் சுற்றி ஸ்பிரிங் அழுத்தப்பட்ட நிலையிலேயே இருக்கும். மேலே சாசியோடு சேரும் மூன்று நட்டைக் கழற்றலாம், கீழே ஒரு போல்ட்டைக் கழற்றலாம். நடுவில் இருக்கும் ஒற்றை நட்டைத் தொடவே கூடாது. அது கழன்றால் ஸ்பிரிங் வெடித்துக் கிளம்பும், ஆளைக் கொல்லும் வேகம் அதில் இருக்கிறது. புது ஸ்பிரிங்கையும் புது அப்சோர்பரையும் கடையிலேயே, சுவரில் பொருத்திய பிரஸ்ஸில் வைத்து சேர்த்து வாங்கி வந்தேன். வீட்டில் பழைய செட்டை முழுதாக இறக்கி, புது செட்டை முழுதாக ஏற்றினோம், அவ்வளவுதான். மேல் பால் ஜாயிண்டைப் பிரித்து, ஸ்டெபிலைசர் லிங்கைக் கழற்றினால் கீழ் ஆர்ம் இறங்கி இடம் விடும். அப்போது பிரேக் ஹோஸில் கனம் தொங்காமல் சக்கரம் மாட்டும் நக்கிளைக் கயிற்றால் கட்டி வையுங்கள்.

பின்பக்கம் உடம்புக்குத்தான் வேலை, மூளைக்குக் குறைவு. சாசியை ஸ்டேண்டில் நிறுத்தி, ஏக்சலை ஜேக்கில் தாங்கி, யூ போல்ட்டைக் கழற்றி, லீஃப் ஸ்பிரிங்கை இறக்கினோம். பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது, ஒருமுறை இழுபட்ட போல்ட் அது. லீஃபின் நடு போல்ட் தலை ஏக்சல் மேடையின் ஓட்டையில் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே இறுக்கினேன்.

புஷ்ஷுக்குள் போகும் போல்ட்டுகளை, லீஃப் ஸ்பிரிங்கின் முனையைச் சாசியோடு சேர்க்கும் ஷேக்கிளாக இருந்தாலும் கீழ் ஆர்மாக இருந்தாலும், வண்டி காற்றில் நிற்கும்போது இறுக்கி முடிக்கக் கூடாது. கையால் மாட்டி, வண்டியை இறக்கி, சக்கரத்தில் கனம் உட்கார்ந்த பிறகுதான் கடைசி இறுக்கு. இல்லையென்றால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொண்டு, சீக்கிரம் கிழியும். அக்காள் மகன், "மாமா, இப்பவே இறுக்கிடலாமே, அப்புறம் அடியில படுக்க முடியாது" என்றான். படுத்துதான் இறுக்கினோம். அந்த புஷ்ஷுகள் இன்னும் நன்றாக இருக்கின்றன. சுமார் 500 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்க்க வேண்டும். என் வண்டியில் கொஞ்சம் இடம் கொடுத்திருந்தன.

ஸ்பிரிங்கை மாட்டியதும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். எனக்கு அதிகக் கவலை கொடுத்தது பிரேக். ஹைலக்ஸின் பின் ஏக்சலுக்கு மேலே, ஒரு கம்பியோடு இணைந்த வால்வு இருக்கும். கனம் ஏறி சாசி தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும், சாசி உயர்ந்திருந்தால் குறைக்கும். லிஃப்ட் போட்டதும் அந்த வால்வுக்கு வண்டி எப்போதும் காலியாக இருப்பதாகத்தான் படும். அரை டன் குலையோடு இறக்கத்தில் வரும்போது பின் பிரேக் மந்தமாக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கம்பி மாட்டும் இடத்தை லிஃப்ட் அளவுக்கு உயர்த்தும் சின்னப் பிராக்கெட் ஒன்று இருக்கிறது. அதைப் போட்டு, பிரேக் கடையில் கொடுத்துச் சோதித்த பிறகுதான் பழம் ஏற்றினேன்.

அடுத்தது அலைன்மெண்ட். முன்பக்கம் உயர்ந்தால் காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறையும், ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பும் குணம் மங்கும். கீழ் ஆர்மில் இருக்கும் கேம் போல்ட்டை வைத்து என் வண்டியை அளவுக்குள் கொண்டுவர முடிந்தது. இரண்டு அங்குலத்துக்கு மேல் போகிறவர்களுக்கு மேல் ஆர்மையே மாற்ற வேண்டிவரும். ஹெட்லைட்டையும் தாழ்த்திக்கொள்ளுங்கள், எதிரே வருபவரின் கண்ணும் உங்கள் பொறுப்புதான்.

இத்தனை நாள் ஓட்டியதில் கண்டது: அக்டோபர், நவம்பர் மழையில் குலையோடு தோட்டத்திலிருந்து வெளியே வருவது முன்பைவிட நிம்மதியாக இருக்கிறது. குழியில் ரப்பர் கட்டை முட்டும் சத்தம் அநேகமாகப் போய்விட்டது. நெடுஞ்சாலையில் நிலைமை வேறு. ஈப்போவுக்குப் போகும்போது பக்கவாட்டுக் காற்று தெரிகிறது, வளைவில் உடம்பு சாய்கிறது, டீசலும் கூடுதலாகக் குடிக்கிறது. பெரிய டயரால் மீட்டர் 100 காட்டும்போது கணக்குப்படி 106 வரை போய்க்கொண்டிருப்போம். அதனால் 110 எல்லையுள்ள இடத்தில் நான் மீட்டரில் 100-ஐத் தாண்டுவதில்லை.

தேய்மானம் முன்பக்கத்தில்தான் முதலில் தெரிந்தது. முன் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் முன்பைவிடச் சாய்வான கோணத்தில் சுழல்வதால், அதன் ஜாயிண்டை மூடியிருக்கும் பூட் ரப்பரின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசுகின்றன. இடப்பக்க ரப்பர் வெடித்து, ரிம்மின் உள்பக்கமெல்லாம் கிரீஸ் தெறித்திருந்ததை டயர் மாற்றும்போது பார்த்தேன். மண் உள்ளே போவதற்கு முன் மாற்றியதால் ஜாயிண்ட் தப்பியது. அதன் பிறகு முன் டிஃப்பைக் கொஞ்சம் இறக்கி வைக்கும் ஸ்பேசர் போட்டேன், கோணம் தணிந்தது. முதலிலேயே கிட்டோடு சேர்த்து வாங்கிவிடுவது நல்லது. காலியாகக் கிளம்பும்போது அடியில் இருந்த ஒரு நடுக்கமும், பின் ஏக்சலுக்குப் போகும் நீண்ட ஷாஃப்ட்டைத் தாங்கும் சென்டர் பேரிங்கை ஸ்பேசர் வைத்து இறக்கியதும் போய்விட்டது.

ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) விஷயத்தை ஒளித்துப் பயனில்லை. வண்டியின் அமைப்பை மாற்றுவது 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் வரும் விவகாரம். கிட் வாங்கும் முன் ஜேபிஜே அலுவலகத்தில் கேளுங்கள். காப்புறுதிக் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். விபத்து நடந்த பிறகு சொன்னால் அவர்கள் காதில் ஏறாது.

பின் லீஃப் கொஞ்சம் இறங்கி உட்கார்ந்திருக்கிறது. புதிதாகப் போட்டபோது பின்பக்கம் தூக்கலாக நின்றது, இப்போது காலி வண்டியில் ஏறக்குறைய சமமாக நிற்கிறது, குலை ஏற்றினாலும் படுப்பதில்லை. பட்டைகளுக்கு நடுவே இருக்கும் பிளாஸ்டிக் துண்டுகள் தேய்ந்து, மழை விட்ட மறுநாள் கீச்சென்று சத்தம் வருகிறது. புதுத் துண்டுகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். வந்ததும் பின் அப்சோர்பர் புஷ்ஷையும் சேர்த்தே மாற்றிவிடப் போகிறேன்.