புறநகர் இருபாலர் பள்ளியா, நகரத்து ஒருபாலர் பள்ளியா?

பிள்ளையை வீட்டருகே உள்ள புறநகர் இருபாலர் பள்ளியில் சேர்ப்பதா, நகருக்குள் இருக்கும் ஆண்கள் அல்லது பெண்கள் பள்ளிக்கு அனுப்புவதா? மதிப்பெண்ணை நினைத்துக் குழம்ப வேண்டாம். 21 நாடுகளில் 16 லட்சம் மாணவர்களைப் பற்றிய 184 ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் வெளியான அலசலில், தரமான ஆய்வுகளை மட்டும் எடுத்துப் பார்த்தபோது ஒருபாலர் பள்ளிக்குப் பெரிய அனுகூலம் ஒன்றும் தெரியவில்லை.

அப்புறம் எதில் வித்தியாசம்? பெண்கள் பள்ளியில் மாணவர் தலைவராவதும் ஆய்வகக் கருவியைக் கையாள்வதும் பெண்களேதான். இருபாலர் பள்ளியிலோ திரவத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் பியூரெட் குழாயைப் பையன் திருக, பெண் அளவை மட்டும் குறித்துக்கொண்டு நிற்பது உண்டு. ஆசிரியர்தான் இடம் மாற்றிவிட வேண்டும். அதைச் செய்கிற பள்ளி என்றால் என் ஓட்டு இருபாலருக்கே: சேர்ந்து வேலை செய்யும் பழக்கம் பதின்ம வயதிலேயே வந்துவிடும், பேருந்தில் கழியும் நேரமும் விளையாட்டுக்கு மிச்சம். சேர்க்கைக்கு முன் ஆய்வக வகுப்பு ஒன்றைப் பார்க்க அனுமதி கேளுங்கள்.