நேரடி, நாடாளுமன்றம், அதிபர்: எந்த ஜனநாயகம் தன் தவறைத் திருத்திக்கொள்ளும்?

மக்கள் தங்களைத் தாங்களே ஆள்வதுதான் ஜனநாயகம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அதில் தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு இரண்டு ஆட்சிமுறைகளை ஒப்பிட முடியாது. வட கொரியாவில்கூடத் தேர்தல் நடக்கிறது, வாக்குப்பதிவு நூறு சதவீதத்துக்குப் பக்கத்தில் இருந்ததாக அரசே அறிவிக்கிறது. அதனால் நான் வேறொரு கேள்வியை அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன்: ஆள்பவர் தப்பு செய்தால் அதை வெளியில் சொல்ல முடியுமா, சொன்ன பிறகு அந்த முடிவையோ அந்த ஆளையோ ரத்தம் சிந்தாமல் மாற்ற முடியுமா, மாற்ற எவ்வளவு காலம் பிடிக்கும்? இந்தக் கேள்வியை எல்லா வகைகளிடமும் கேட்டுப் பார்க்கலாம்.

முதலில் 'நல்ல சர்வாதிகாரி' வாதத்தை முடித்துவிடுவோம், விவாதம் தொடங்கினாலே யாராவது ஒருவர் அதைக் கொண்டுவந்துவிடுகிறார். திறமையான ஒருவர் கையில் அதிகாரத்தைக் கொடுத்தால் வேலை வேகமாக நடக்கும் என்பார்கள். நடக்கும், தப்பான வேலையும் அதே வேகத்தில் நடக்கும். 1959 முதல் 1961 வரை சீனாவில் வந்த பஞ்சத்தில் கோடிக்கணக்கில் மக்கள் செத்தார்கள். கீழே இருந்த அதிகாரிகள் மேலிடத்துக்குப் பயந்து விளைச்சலைக் கூட்டிக் கூட்டி எழுதி அனுப்பினார்கள், அந்தப் பொய்க் கணக்கை நம்பி அரசு கிராமங்களிலிருந்து தானியத்தை அள்ளிக்கொண்டு போனது. சுதந்திரமான பத்திரிகையும் எதிர்க்கட்சியும் உள்ள எந்த ஜனநாயக நாட்டிலும் பெரும் பஞ்சம் வந்ததில்லை என்று பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் சுட்டிக்காட்டுவது இதனால்தான். தலைமையில் இருப்பவர் எவ்வளவு நல்லவர் என்பது இதில் இரண்டாவது விஷயம். அவர் காதுக்கு உண்மை போய்ச் சேர வழி இருக்கிறதா என்பதுதான் முதல் விஷயம்.

சரி, ஜனநாயகங்களுக்குள் வருவோம். நேரடியாக மக்களே முடிவெடுப்பதா, பிரதிநிதிகளை அனுப்புவதா?

நேரடி முறைக்கு எல்லோரும் காட்டும் உதாரணம் ஏதென்ஸ். அங்கே கி.மு. 427இல் நடந்த ஒரு சம்பவத்தை விட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. மிட்டிலீனி என்ற நகரம் ஏதென்ஸுக்கு எதிராகக் கிளர்ச்சி செய்து தோற்றுப்போனது. ஏதென்ஸின் மக்கள் சபை கூடியது, கோபம் தலைக்கேறியிருந்தது, அந்த நகரத்தின் வயது வந்த ஆண்கள் எல்லோரையும் கொன்றுவிட்டுப் பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்குவது என்று முடிவெடுத்து உத்தரவோடு ஒரு கப்பலையும் அனுப்பிவிட்டது. மறுநாள் காலையில் அதே மக்களுக்கு மனசு உறுத்தியது, மறுபடி கூடி வாதாடினார்கள், கை தூக்கிப் பார்த்தபோது இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக இருந்தும் மயிரிழையில் பழைய முடிவு ரத்தானது. உடனே இரண்டாவது கப்பல் கிளம்பியது. துடுப்பு போட்டவர்கள் துடுப்பை விடாமலே மதுவிலும் எண்ணெயிலும் பிசைந்த பார்லி மாவைத் தின்றுகொண்டு, முறைவைத்துத் தூங்கிப் போய்ச் சேர்ந்தார்கள். முதல் கப்பலில் போனவர்கள் இந்தக் கொடூர வேலைக்கு அவசரம் காட்டாமல் மெதுவாகப் போயிருந்தார்கள். உத்தரவை வாசித்து நிறைவேற்றப்போகும் நேரத்தில்தான் இரண்டாவது கப்பல் கரை சேர்ந்தது. நகரம் தப்பியது, கிளர்ச்சியின் தலைவர்கள் தப்பவில்லை.

நேரடி ஜனநாயகத்தின் பலமும் ஆபத்தும் இந்த ஒரே சம்பவத்தில் இருக்கின்றன. அதே மக்கள் மறுநாளே மனம் மாற முடிந்தது பலம். அந்த ஒரு நாள் கிடைத்தது வெறும் அதிர்ஷ்டம், யோசிக்க அவகாசம் தரும் எந்த ஏற்பாடும் சட்டத்தில் இல்லை என்பது ஆபத்து. கி.மு. 406இல் அந்த அதிர்ஷ்டம் இல்லை. கடற்போரில் வென்று வந்த தளபதிகளில் ஆறு பேரை, மூழ்கிய கப்பல்களின் வீரர்களைக் காப்பாற்றவில்லை என்று ஒட்டுமொத்தமாக ஒரே வாக்கெடுப்பில் கொன்றுவிட்டு அப்புறம் வருந்தினார்கள். பெண்களும் அடிமைகளும் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களும் அந்தச் சபைக்குள் காலே வைக்க முடியாது என்பதையும் சேர்த்துத்தான் ஏதென்ஸை எடைபோட வேண்டும்.

இன்றைய சுவிட்சர்லாந்து இதில் எவ்வளவோ மேல். நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் பிடிக்கவில்லையா, 100 நாட்களுக்குள் 50,000 கையெழுத்து சேர்த்தால் அது பொதுவாக்கெடுப்புக்கு வந்தாக வேண்டும். அரசியல் சாசனத்தையே திருத்த வேண்டுமானால் 18 மாதங்களில் 1,00,000 கையெழுத்து. இங்கே யோசிக்க நேரம் சட்டத்திலேயே இருக்கிறது, முதலில் பிரதிநிதிகள் பேசி முடித்திருப்பார்கள், பிறகு மக்கள் தடுக்கிறார்கள் அல்லது விடுகிறார்கள். எனக்குப் பிடித்த ஏற்பாடு இது. 2016இல் பிரிட்டனில் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறுவது பற்றி நடந்த வாக்கெடுப்பையும் இதையும் ஒரே பெயரில் அழைப்பது சரியில்லை. அங்கே எப்படி வெளியேறுவது என்ற திட்டம் எதுவும் தயாராகும் முன்பே 'இருப்பதா, போவதா' என்று மட்டும் கேட்டார்கள், ஏறத்தாழ 52க்கு 48 என்று முடிவு வந்தது, அந்த 52க்கு என்ன அர்த்தம் என்று அடுத்த மூன்றரை வருடம் சண்டை போட்டார்கள்.

ஆனால் சுவிட்சர்லாந்துக்கும் ஒரு கறை உண்டு, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. பெண்களுக்குத் தேசிய அளவில் வாக்குரிமை தரலாமா என்று 1959இல் ஆண்களிடம் கேட்டார்கள், மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள் வேண்டாம் என்றார்கள். 1971இல்தான் கிடைத்தது. அப்பென்செல் இன்னர்ரோடன் என்ற சின்ன மாநிலத்தில் மக்கள் சதுக்கத்தில் கூடிக் கை தூக்கி முடிவெடுப்பது வழக்கம், அங்கே மாநில அளவிலான வாக்குரிமையை 1990 ஏப்ரலிலும் ஆண்கள் மறுத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் நாட்டின் உச்ச நீதிமன்றம் தலையிட்டுப் பெண்களுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்த பிறகுதான் அவர்கள் அந்தச் சதுக்கத்துக்குள் நுழைந்தார்கள்.

பெரும்பான்மை சொன்னால் போதுமா, சாசனமும் நீதிமன்றமும் குறுக்கே நிற்கலாமா என்ற சண்டைக்கு என் பதில் இந்தச் சம்பவத்திலேயே இருக்கிறது. தேர்ந்தெடுக்கப்படாத நீதிபதிகள் மக்கள் முடிவை எப்படி ரத்து செய்யலாம் என்று கேட்பவர்கள், அந்த 'மக்கள்' யார் என்பதை யார் முடிவு செய்தார்கள் என்றும் கேட்க வேண்டும். வாக்கு இல்லாதவர் வாக்குப் போட்டு உரிமை வாங்க முடியாது. பேச்சுரிமை, வாக்குரிமை, பத்திரிகைச் சுதந்திரம் இவையெல்லாம் இருந்தால்தான் இன்றைய சிறுபான்மை நாளைய பெரும்பான்மையாக முடியும், ஆகவே இவற்றில் கைவைக்க எந்தப் பெரும்பான்மைக்கும் அதிகாரம் இருக்கக் கூடாது. இதில் நான் சமரசத்துக்குத் தயாராக இல்லை. 1933 மார்ச்சில் ஜெர்மன் நாடாளுமன்றத்தில் ஹிட்லருக்குச் சட்டமியற்றும் அதிகாரத்தைக் கொடுத்த மசோதாவுக்கு 444 பேர் ஆதரவாகவும் 94 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். எதிர்த்த அத்தனை பேரும் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர்கள், கம்யூனிஸ்ட் உறுப்பினர்களை உள்ளேயே விடவில்லை. தன் அதிகாரத்தையே தூக்கிக் கொடுத்துவிடும் அளவுக்கு ஒரு சபைக்கு அதிகாரம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அடுத்தது நாடாளுமன்ற முறையா, அதிபர் முறையா என்பது. ஒரே ஒரு வாக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். 1979 மார்ச் 28 அன்று பிரிட்டனில் பிரதமர் காலஹன் அரசின் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது, 311க்கு 310 என்று ஒரு வாக்கில் அரசு தோற்றது, மே மாதம் தேர்தல் நடந்து ஆட்சி மாறியது. அமெரிக்காவில் 1868இல் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சனைப் பதவிநீக்கம் செய்ய செனட்டில் 35 பேர் ஆதரித்தார்கள், 19 பேர் எதிர்த்தார்கள். தெளிவான பெரும்பான்மைதான், ஆனால் தேவைப்பட்ட மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு வாக்கு குறைந்தது, அவர் நாற்காலியில் தொடர்ந்தார். அந்த நாட்டின் வரலாற்றில் இதுவரை எந்த அதிபரையும் செனட் பதவியிலிருந்து நீக்கியதில்லை. பிரதமர் சபையின் நம்பிக்கையால் வாழ்கிறார், அதிபர் நாட்காட்டியால் வாழ்கிறார், அதாவது பதவிக்காலம் முடியும்வரை அவரை இறக்குவது மிகக் கடினம்.

அதிபர் முறைக்கு ஒரு நியாயம் உண்டு: சட்டமியற்றுபவர்களும் நிர்வாகம் செய்பவரும் தனித்தனியாகத் தேர்வாவதால் ஒருவரை ஒருவர் தடுக்க முடியும். தென் கொரியாவில் 2024 டிசம்பர் 3 இரவு அதிபர் யூன் ராணுவச் சட்டத்தை அறிவித்தபோது, உறுப்பினர்களில் பலர் மதில் ஏறிக் குதித்து நாடாளுமன்றத்துக்குள் போனார்கள், சில மணி நேரத்தில் 190 பேர் கூடி 190 வாக்குகளால் அதை ரத்து செய்தார்கள். 2025 ஏப்ரல் 4 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. முறை வேலை செய்தது. ஆனாலும் ஒரு மனிதர் ஒரே இரவில் அந்த அறிவிப்பைச் செய்ய முடிந்ததே, அதுதான் என்னை இந்த முறையிலிருந்து விலக வைக்கிறது. நான் நாடாளுமன்றப் பக்கம்தான், அதிலும் ஜெர்மனி போட்ட ஒரு பூட்டோடு: அங்கே அடுத்தவர் யார் என்று சபை தேர்ந்தெடுத்தால்தான் இருக்கும் தலைவரை இறக்க முடியும். 1982இல் ஷ்மிட் போய் கோல் வந்தது அப்படித்தான், நடுவில் ஒரு நாள்கூட நாடு தலையில்லாமல் கிடக்கவில்லை.

தேர்தல் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024இல் பிரிட்டனில் தொழிற்கட்சி பெற்ற வாக்கு 34 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, பெற்ற இடங்கள் 650இல் 411. தொகுதிக்கு ஒருவர், அதிக வாக்கு வாங்கியவர் ஜெயித்தார் என்ற முறையில் இப்படித்தான் ஆகும். விகிதாசார முறையில் வாக்குக்கு ஏற்ற இடம் கிடைக்கும், பதிலுக்குக் கூட்டணிப் பேரம் இழுத்துக்கொண்டே போகலாம். பெல்ஜியம் 2010, 2011இல் 541 நாட்கள் முறையான புதிய அரசு இல்லாமல் காபந்து அரசோடு ஓட்டியது. நியூசிலாந்தில் 1978, 1981 இரண்டு தேர்தல்களிலும் அதிக வாக்கு வாங்கிய கட்சி தோற்றுப்போனது, அந்த எரிச்சலும் சேர்ந்து 1993இல் வாக்கெடுப்பு நடத்தித் தொகுதியும் விகிதாசாரமும் கலந்த முறைக்கு மாறினார்கள். எனக்கு அந்தக் கலப்பு முறை போதும்.

கடைசியாக, பலரும் கணக்கில் எடுக்காத ஒரு போட்டியாளர்: குலுக்கல். ஏதென்ஸில் 500 பேர் கொண்ட ஆலோசனைச் சபையைக் குலுக்கலில்தான் எடுத்தார்கள். சோழர் காலத்து உத்திரமேரூர்க் குடவோலையும் குலுக்கல்தான், ஆனால் நிலமும் கல்வியும் உள்ளவர்களின் பெயர்கள்தான் குடத்துக்குள் போயின, ஆகவே அதை எல்லோருக்குமான ஜனநாயகம் என்று கொண்டாட எனக்கு மனசு வரவில்லை. அயர்லாந்து 2016இல் குலுக்கல் மாதிரியில் 99 குடிமக்களைத் தேர்ந்தெடுத்து, கருக்கலைப்புச் சட்டம் பற்றி வல்லுநர்களையும் இரு தரப்பாரையும் கேட்டுப் பரிந்துரை தரச் சொன்னது. கட்சிகள் தொடப் பயந்த விஷயத்தை அவர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசினார்கள், 2018 பொதுவாக்கெடுப்பில் 66.4 சதவீதம் பேர் மாற்றத்தை ஆதரித்தார்கள். மறுதேர்தல் கவலை இல்லாதவர்கள் இப்படி நிதானமாகப் பேச முடியும். ஆனால் அதே காரணத்தால் அவர்களை வாக்குப் போட்டு இறக்கவும் முடியாது. அதனால் அந்தச் சபைக்குப் பரிந்துரைக்கும் உரிமையும், தன் பரிந்துரையை நாடாளுமன்றம் விவாதித்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் உரிமையும் கொடுக்கலாம், சட்டம் இயற்றும் கடைசிக் கையெழுத்தை நாம் இறக்கக்கூடியவர்களிடமே வைத்திருக்க வேண்டும்.