ரெண்டு நாவல், ரெண்டு தன்வரலாறு: எதை முதலில் எடுப்பது?

எங்கள் வகுப்பில் பாடப்புத்தகம் தாண்டிப் படிக்கிறவர்கள் கொஞ்சப் பேர்தான், ஆனால் அந்தக் கொஞ்சப் பேருக்குள்ளும் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்குத் தன்வரலாறுதான் எல்லாம். நடந்ததை நடந்தவரே சொல்லும்போது யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து எழுதிய கதையை எதற்குப் படிக்க வேண்டும் என்பார்கள். இன்னொரு கட்சிக்கு நாவல் மட்டும்தான் இலக்கியம், மற்றதெல்லாம் வெறும் தகவல். இரண்டு பேச்சும் எனக்கு ஒத்துவரவில்லை. அதனால் சமீபத்தில் படித்தவற்றில் இருந்து நான்கு புத்தகங்களை ஜோடி ஜோடியாக வைத்துப் பார்க்கிறேன்.

முதல் ஜோடி ஆன் ஃப்ராங்க்கின் நாட்குறிப்பும் அசோகமித்திரனின் நாவல் ‘18வது அட்சக்கோடு’ம். இரண்டும் 1940களில் நடக்கின்றன, இரண்டிலும் நம் வயசுப் பிள்ளை, இரண்டிலும் ஊர் மெல்ல மெல்ல ஆபத்தான இடமாக மாறுகிறது. இரண்டாவது ஜோடி பாமாவின் தன்வரலாறு ‘கருக்கு’ம் பெருமாள்முருகனின் நாவல் ‘கூளமாதாரி’யும். இரண்டிலும் சாதி, சின்ன வயசு, அந்த வயசிலேயே தலையில் ஏறிவிடுகிற வேலை.

ஆன் ஃப்ராங்க்கைப் பற்றி எல்லாருக்கும் கொஞ்சம் தெரியும், அதுதான் சிக்கல். அவளை ஒரு அடையாளமாக மாற்றி, இரண்டு நல்ல வரிகளை எடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். உள்ளே போய்ப் படித்தால் வேறொரு பெண் இருக்கிறாள். 1942 ஜூனில் பதின்மூன்றாவது பிறந்தநாளுக்கு நோட்டு கிடைக்கிறது, ஜூலை 6 அன்று நாஜிகளுக்குப் பயந்து தன் யூதக் குடும்பத்தோடு ஆம்ஸ்டர்டாமில் அப்பாவின் அலுவலகக் கட்டடத்துக்குப் பின்பக்கம் ஒளிந்துகொள்ளப் போகிறாள், அங்கே மொத்தம் எட்டுப் பேர், 1944 ஆகஸ்ட் 4 அன்று பிடிபடும் வரை வெளியே கால் வைக்கவில்லை. இந்த இரண்டு வருஷத்தில் அவள் அதிகம் எழுதுவது போரைப் பற்றி என்றா நினைக்கிறீர்கள்? அம்மாவோடு ஒத்துப்போகாதது, உருளைக்கிழங்கு உரிப்பது, அக்காவோடு தன்னை ஒப்பிடுவது, ஒரே அறையில் தங்கவேண்டி வந்த நடுத்தர வயசுப் பல் டாக்டரோடு ஒரு மேஜைக்காகச் சண்டை. வாரத்தில் இரண்டு மதியம் மட்டும் அந்த மேஜையில் கொஞ்ச நேரம் தனக்கு வேண்டும் என்று கேட்கிறாள், அவர் மறுக்கிறார், அப்பா வந்து பேசவேண்டியிருக்கிறது. வெளியே மனிதர்களை வண்டி வண்டியாக ஏற்றிக்கொண்டு போகிறார்கள், உள்ளே ஒரு பெண் படிக்க எழுத ஒரு மேஜை கேட்டுப் போராடுகிறாள். அந்தப் பக்கங்கள்தான் எனக்கு உயிர். தயவுசெய்து சுருக்கிய பதிப்பை வாங்காதீர்கள், சுருக்குகிறவர்கள் முதலில் வெட்டுவது இந்தச் சண்டைகளைத்தான்.

சரி, இது நிஜம், அதனால் உசத்தி என்கிறவர்களுக்கு ஒரு விஷயம். 1944 மார்ச்சில், லண்டனில் இருந்து பேசிய டச்சு அமைச்சர் ஒருவர், போர்க்காலக் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் பத்திரமாக வைத்திருங்கள் என்று வானொலியில் சொல்கிறார். அதைக் கேட்டபிறகு ஆன் தன் பழைய குறிப்புகளைத் தனித்தாள்களில் திரும்ப எழுத ஆரம்பிக்கிறாள். சில இடங்களை நீக்குகிறாள், சிலவற்றை விரிக்கிறாள், கூட இருப்பவர்களுக்கு வேறு பெயர் வைக்கிறாள். போர் முடிந்தபின் ஒரு புத்தகமாகப் போடவேண்டும் என்ற ஆசை அவளுக்கே இருந்தது. அவள் இறந்தபிறகு, அந்த எட்டுப் பேரில் உயிரோடு திரும்பிய ஒரே ஆளான அப்பா ஓட்டோ ஃப்ராங்க் இரண்டு வடிவங்களையும் சேர்த்து 1947ல் வெளியிட்டபோது, அம்மாவைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் அவள் எழுதியதில் சிலதை விட்டுவிட்டார். அவை பிறகு வந்த பதிப்புகளில்தான் சேர்ந்தன. ஆக, நாம் கையில் வைத்திருப்பது ஒரு எழுத்தாளர் தேர்ந்தெடுத்து, திருத்தி, அமைத்த புத்தகம். எனக்கு இதனால் அவள்மேல் மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை, பதினைந்து வயசில் தன் எழுத்தைத் தானே எடிட் செய்தவள் அவள்.

இப்போது ‘18வது அட்சக்கோடு’. 1977ல் வந்த நாவல். சந்திரசேகரன் செகந்திராபாத்தில் ரயில்வே ஊழியர் ஒருவரின் மகன், தமிழ்க் குடும்பம், கல்லூரியில் படிக்கிறான், கிரிக்கெட் என்றால் உயிர். சுற்றிலும் ஹைதராபாத் நிஜாமின் ஆட்சி, இந்தியாவோடு சேர்வதா வேண்டாமா என்ற இழுபறி, நிஜாம் பக்கம் நின்ற காசிம் ரஸ்வியின் ஆயுதப் படையான ரஜாக்கர்கள், பக்கத்து வீட்டாரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவது. 1948 செப்டம்பர் 13 அன்று இந்திய ராணுவம் உள்ளே வருகிறது, 17ஆம் தேதி நிஜாம் பணிகிறார். பாடப்புத்தகத்தில் இது ஒரு பத்தி. நாவலில் முக்கால்வாசி நேரம் இந்த அரசியல் ஒரு பையனின் அன்றாடத்துக்கு ஓரத்தில்தான் நிற்கிறது. அவனுக்கு மாட்ச் முக்கியம், சைக்கிள் முக்கியம். அசோகமித்திரன் குரலை உயர்த்துவதே இல்லை, ஒரு சம்பவம் முடிந்துவிட்டது என்பதே நமக்கு அடுத்த பக்கத்தில்தான் உறைக்கும். என் தோழி ஒருத்தி நூறு பக்கத்தில் “ஒண்ணுமே நடக்கலையே டி” என்று வைத்துவிட்டாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, பொறுமை கேட்கிற புத்தகம்தான். ஆனால் அந்த ஒன்றும் நடக்காத பக்கங்கள் இல்லாவிட்டால் கடைசி சில பக்கங்கள் நம்மை அப்படி அடிக்காது.

முடிவு தெரியக்கூடாது என்கிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். கலவரத்தின் நடுவே சந்திரசேகரன் ஒரு சுவர் ஏறிக் குதித்து யாரோ ஒருவர் வீட்டுக்குள் போய்விடுகிறான். உள்ளே இருக்கிற முஸ்லிம் குடும்பம் இவனைப் பார்த்து நடுங்குகிறது. இதுவரை அவனோடு சேர்ந்து பயந்துகொண்டிருந்த நமக்கு, அவனைப் பார்த்தே ஒரு குடும்பம் பயப்படுகிறது என்பது அந்த நொடியில்தான் புரிகிறது. தாங்கள் தப்பிக்க அந்த வீட்டுப் பெண் எந்த அளவுக்குப் போகத் தயாராகிறாள் என்பதைப் பார்த்ததும் அவன் அங்கே நிற்கமுடியாமல் ஓடுகிறான். அவன் யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யவில்லை. ஜெயித்த பக்கத்தைச் சேர்ந்தவனாக அங்கே நின்றான், அதுவே போதுமானதாக இருந்தது.

இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் படித்ததில் எனக்குக் கிடைத்தது இதுதான். ஆன் எழுதியது, கதவு தட்டப்படுமோ என்று உள்ளே காத்திருக்கிறவளின் எழுத்து. அசோகமித்திரன் எழுதியது, தெரியாமலே அந்தக் கதவுக்குள் புகுந்துவிட்டவனின் கதை. முதலாவதைப் படிக்கும்போது நாம் எளிதாக ஆன் பக்கம் சேர்ந்துகொள்கிறோம், யாருக்குத்தான் கஷ்டம்? இரண்டாவது நம்மை எதிர்ப்பக்கம் கொண்டுபோய் நிறுத்துகிறது. அதைச் செய்ய நாவலுக்குத்தான் சுதந்திரம் அதிகம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் தன் பெயரைப் போட்டுத் தன் கதையைச் சொல்கிறவர் தன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது ரொம்பவே கடினம்.

கடினம், ஆனால் முடியாதது இல்லை. அதற்கு ‘கருக்கு’ இருக்கிறது.

1992ல் வந்த சின்னப் புத்தகம். ஒரே உட்காரலில் முடித்துவிடலாம், ஆனால் அப்படி முடிக்க மனசு வராது. பாமா தன் ஊரை, தன் தெருவை, அங்கே பேசுகிற பேச்சிலேயே சொல்கிறார். உரையாடலில் மட்டும் பேச்சுத்தமிழை வைத்துவிட்டு மற்றதை ஏட்டுத்தமிழில் எழுதும் வழக்கம் இதில் இல்லை, கதை சொல்கிற குரலே அதுதான். காலவரிசையும் கிடையாது. வேலை, விளையாட்டு, பள்ளிக்கூடம், சர்ச், சாவு என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுகிறார், போன அத்தியாயத்தில் சொன்ன இடத்துக்கே வேறு வழியாகத் திரும்பி வருகிறார்.

எல்லாரும் மேற்கோள் காட்டுகிற அந்தப் பொட்டலக் காட்சியைச் சொல்லாமல் இருக்க முடியாது. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் பாமாவின் தெருப் பெரியவர் ஒருவர் ஒரு சின்னப் பலகாரப் பொட்டலத்தைக் கையில் படாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருகிறார், வந்து ஒரு நாயக்கர் முன்னால் குனிந்து கொடுக்கிறார். சின்னப்பிள்ளை பாமாவுக்கு அது ஒரே சிரிப்பு. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சிரித்துச் சிரித்துச் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. ஏன் அப்படித் தூக்கி வந்தார் என்று விளக்குகிறார். அந்த இடத்தில் பாமா தன் சிரிப்பை மறைக்கவில்லை பாருங்கள், அங்கேதான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. பிறகு அதே அண்ணன் நன்றாகப் படி என்கிறார், பாமா படிக்கிறார், ஆசிரியர் ஆகிறார், ஏழைப் பிள்ளைகளுக்கு உதவலாம் என்று கன்னியாஸ்திரி மடத்தில் சேர்கிறார், அங்கேயும் வசதியானவர்களுக்கு ஒரு நியாயம் ஏழைகளுக்கு ஒரு நியாயம் என்று பார்த்து வெளியே வருகிறார். வந்தபிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று முடிக்கவும் இல்லை. வேலை இல்லை, எதிர்காலம் தெரியவில்லை, மடத்துக்குப் போனது தப்பான முடிவோ என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார். படித்து முன்னேறிய கதைகளை மேடையில் நிறையக் கேட்டிருக்கிறோம், எல்லாவற்றுக்கும் ஒரு வெற்றி விழா முடிவு இருக்கும். இதில் அது இல்லாததுதான் இதன் நேர்மை.

‘கூளமாதாரி’ 2000ல் வந்தது. கவுண்டர் வீட்டுப் பண்ணையத்தில் ஆடு மேய்க்க வருஷக் கூலிக்கு விடப்பட்ட கூளையன், அவனைப் போலவே வேறு வேறு வீடுகளில் இருக்கிற நெடும்பன், செவிடி, வவுறி. காலையில் ஆட்டை ஓட்டிக்கொண்டு மேட்டுக்காட்டுக்கு வந்தபிறகு அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற சில மணி நேரம்தான் நாவலின் பெரும்பகுதி. பனைமரம், கிணறு, விளையாட்டு, சண்டை, பசி. முருகன் அந்தப் பிள்ளைகளைப் பரிதாபத்துக்குரியவர்களாக மட்டும் காட்டவில்லை, அவர்களுக்குச் சந்தோஷம் இருக்கிறது, கொழுப்பும் இருக்கிறது, ஒருவரை ஒருவர் வம்புக்கு இழுக்கிறார்கள். பண்ணையக்காரர் மகன் செல்வனுக்கும் கூளையனுக்கும் இடையில் இருப்பது நட்பா, எஜமான் வேலைக்காரன் உறவா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று. ஒரே வயசு, சேர்ந்து விளையாடுகிறார்கள், ஆனால் எந்த நிமிஷத்திலும் செல்வன் எஜமானாக மாறிவிட முடியும், கூளையனால் எதுவாகவும் மாற முடியாது. கிணற்றில் நடக்கும் கடைசிக் காட்சியை நான் சொல்லமாட்டேன். கூளையனை வெறும் அப்பாவியாக நம் கையில் கொடுத்துவிட்டுப் போக முருகன் சம்மதிக்கவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

இங்கே ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. கூளையனின் சமூகத்தில் பிறக்காத ஒருவர் எழுதியது அது, ‘கருக்கு’ உள்ளே இருந்து எழுதியது. எங்கள் சண்டையில் இதை வைத்தே ஒருவன் “அப்புறம் என்ன, பாமாதான்” என்று முடித்துவிட்டான். நான் அவ்வளவு வேகமாக முடிக்கமாட்டேன். கூளையன் போன்ற ஒரு பிள்ளை தன் கதையை எழுத ஒரு பள்ளிக்கூடமும் ஒரு அண்ணனும் வேண்டியிருந்திருக்கும், நாவலில் அவனுக்கு இரண்டும் கிடையாது. யாராவது ஒருவர் அவனுக்காக உட்கார்ந்து யோசித்துத்தான் ஆகவேண்டும். அதே நேரம், அவமானப்படும் இடத்தில் அந்த நொடியில் உடம்புக்குள் என்ன ஓடுகிறது என்பதில் பாமா எழுதும் ஒரு வரிக்கு முன்னால் முருகனின் ஒரு பக்கம் தோற்றுப்போகிறது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண், சேரி என்று தெரிந்ததும் எழுந்து வேறு சீட்டுக்குப் போகிற அந்தச் சின்ன இடத்தைப் படித்துப் பாருங்கள், தெரியும்.

நிலத்தில் முருகன் ஜெயிக்கிறார். வெயில், மழை, காய்ந்த காடு எல்லாம் அவரிடம்தான். பாமாவுக்கு நின்று நிலத்தை வர்ணிக்க நேரமில்லை, கோபம் இழுத்துக்கொண்டு போகிறது.

யாருக்கு எது என்று கேட்டால், பத்தாவதுக்குப் பிறகு தமிழ்ப் புத்தகத்தையே தொடாத ஆளுக்கு ‘கருக்கு’ கொடுப்பேன். முதல் இரண்டு பக்கம் பேச்சு நடை புதுசாகத் தெரியும், வாய்விட்டுப் படித்தால் பழகிவிடும். நாட்குறிப்பு எழுதுகிற பழக்கம் உள்ளவர்களுக்கு ஆன் ஃப்ராங்க், முழுப் பதிப்பு. ‘கூளமாதாரி’யைப் பரீட்சைக்கு நடுவில் ஆரம்பிக்காதீர்கள். கொங்கு வட்டாரச் சொற்கள் நிறைய, மெதுவாகத்தான் நகரும், விடுமுறையில் எடுத்தால் ஆட்டோடு ஆடாக நீங்களும் மேட்டுக்காட்டில் திரியலாம்.

நான்கில் ஒன்றே ஒன்று என்றால் என் ஓட்டு ‘18வது அட்சக்கோடு’க்கு. இரண்டாம் இடம் ‘கருக்கு’, இரண்டுக்கும் நடுவில் ஒரு நூலிழைதான். மற்ற மூன்றிலும் என் அனுதாபம் எங்கே போகவேண்டும் என்று எனக்கு முன்பே தெரிந்திருந்தது. சந்திரசேகரனிடம் மட்டும்தான் கடைசிப் பக்கம் வரை தெரியவில்லை. ஒண்ணுமே நடக்கலையே என்று நூறாவது பக்கத்தில் மூடிவைத்த தோழியிடம் மிச்சத்தையும் படிக்கச் சொல்லியிருக்கிறேன், முடித்துவிட்டு அவள் என்ன சொல்கிறாள் என்று பார்க்கவேண்டும்.